கூனல் மகசீரும் தூண்டிற்காரரும்

ரோகு, கட்லா, சேல் முதலிய மீன்களை நம் ஏரிகளிலும் குளங்களிலும் கண்டு பழகியவர்களுக்கு, கெண்டை வமிசம் என்பது சேற்றைக் கிளறியும் பாசியை மேய்ந்தும் காலங்கழிக்கும் சாதுவான ஜாதி என்ற எண்ணமே மேலோங்கியிருக்கும். பெரும்பாலும் அந்த எண்ணத்தில் தவறும் இல்லை. ஆயினும் அதே வமிசத்தில், மலையாறுகளின் வேகமான பிரவாகத்தையே வாசஸ்தலமாகக் கொண்டு, நண்டையும் நத்தையையும் சிறு மீன்களையும் வேட்டையாடி, ஐம்பது கிலோவுக்கும் மேல் கனக்கும் சரீரத்தோடு வளர்ந்து, தூண்டிலில் அகப்பட்டால் பிடித்தவனையே ஆற்றோரப் பாறைகளில் ஓடவைக்கும் ஒரு மீனும் தோன்றியிருக்கிறது. மகசீர் என்ற பொதுப்பெயரால் வழங்கும் அந்த இனங்களில் ஒன்று, கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா நதிகளில் இமயமலையடிவாரத்தை ஒட்டி வாழும் தங்க மகசீர். ஜிம் கார்பெட் புலிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தின் நடுவே ஓர் அத்தியாயம் ஒதுக்கிக் கொண்டாடியது அதைத்தான். நாம் இங்கே பேசப்போவது அதைப் பற்றியன்று. காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லாத கூனல் மகசீரைப் பற்றி.

தலைக்குப் பின்னால் முதுகு திடீரென்று மேடிட்டு எழுந்து, அந்த மேட்டின் உச்சியில் முதுகுத் துடுப்பு தொடங்குவதால் இந்தப் பெயர். வளர்ந்த மீனின் செதில் ஒவ்வொன்றும் அகன்றும் தடித்தும் இருக்கும். உதடுகள் சதைப்பற்று மிக்கவை. வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசைகள். 1946ஆம் ஆண்டு மார்ச் மாதம் 22ஆம் தேதி, மைசூரில் வேட்டை மிருகங்களைப் பாடம் செய்யும் தொழிலில் பெயர்பெற்றிருந்த வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன், கபினி ஆற்றில் தூண்டிலிட்டுப் பிடித்த மகசீர் 120 ராத்தல் எடை இருந்தது. இன்றைய கணக்கில் ஐம்பத்துநான்கு கிலோவுக்குச் சற்று அதிகம். தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களில் அதனினும் பெரியது இன்றுவரை பதிவாகவில்லை.

இத்தனை பெரிய வேட்டை மீனின் வாயைத் திறந்து பார்ப்பவர் திகைத்துப்போவார்; தாடையில் ஒரு பல்கூட இராது. வாளை மீனுக்கும் விராலுக்கும் உள்ள கோரமான பல்வரிசையில் ஒரு சிறு பகுதிகூட இதற்கு வாய்க்கவில்லை. கெண்டை வமிசத்துக்கே உரிய ஏற்பாடு இது: பற்கள் தாடையை விட்டுத் தொண்டைக்கு இடம் மாறியிருக்கின்றன. செவுள்களைத் தாங்கும் எலும்பு வளைவுகளில் ஐந்தாவது வளைவு செவுள் தாங்கும் வேலையை விட்டுவிட்டு, மூன்று வரிசைப் பற்களைச் சுமந்து, மண்டையோட்டின் அடியிலுள்ள கடினமான ஒரு திண்டின்மேல் தன் இரையை அம்மியில் குழவியை வைத்து நசுக்குவது போல நசுக்குகிறது. நண்டின் ஓடும் நத்தையின் கூடும் அந்த இடத்தில் பொடியாகிவிடுகின்றன. ஆகவே, இம்மீன் கடிப்பதில்லை. உறிஞ்சி விழுங்கி, உள்ளே கொண்டுபோய் நொறுக்குகிறது. தூண்டிற்காரர்களின் பழைய அனுபவக் குறிப்புகளில், நல்ல இரும்பு முள் நசுங்கியும் முறிந்தும் திரும்பிவந்த வரலாறுகள் மலிந்து கிடப்பதற்குக் காரணம் இந்தத் தொண்டைதான். இதே காரணத்தால், மெல்லிய கம்பியால் செய்த முள்ளை நம்பி மகசீருக்குப் போவது வீண்வேலை என்பதை அந்தத் தொழிலில் இறங்கிய ஒவ்வொருவரும் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் இதை முழு மாமிசபட்சிணி என்று சொல்வதற்கும் இல்லை. கரையோர மரங்களிலிருந்து உதிரும் பழங்களையும் விதைகளையும் இது விடுவதில்லை. வெள்ளம் கொண்டுவந்து சேர்க்கும் எதையும் சோதித்துப் பார்க்கும் சுபாவம் இதற்கு உண்டு. பெரிய பாறைக்குப் பின்னால் நீரின் வேகம் தணிந்து சுழலும் இடத்தில் அதிகச் சிரமமின்றி நிலைத்து நின்று, பக்கத்தில் விரையும் நீரோட்டம் எதை அடித்துக்கொண்டு வருகிறதென்று கவனித்து, வேண்டியதைக் கண்டதும் பாய்ந்து எடுத்து மீண்டும் நிழலுக்குத் திரும்புவது இதன் வழக்கம். அந்தப் பாய்ச்சலுக்காக உருவான தசையே அதன் சரீரத்தில் பெரும்பகுதி.

இதன் செவிப்புலனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கெண்டை வமிசத்தில் முதுகெலும்பின் முதற்சில கண்டங்கள் உருமாறிச் சிறு எலும்புத் தொடராகி, வயிற்றிலுள்ள காற்றுப்பையை உட்செவியோடு இணைக்கின்றன. நீரில் எழும் அதிர்வு காற்றுப்பையை அசைக்க, அந்த அசைவை இவ்வெலும்புகள் காதுக்குக் கொண்டுசேர்க்கின்றன. ஆகையால் கரைப்பாறையின்மேல் ஆணி அடித்த செருப்போடு நடப்பவனுடைய வருகையை, அவன் நிழல் நீரில் விழுவதற்கு முன்பே மகசீர் அறிந்துகொள்கிறது. உள்ளூர் வலைஞர்கள் வெறுங்காலோடு நடந்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு ஆற்றங்கரையை அணுகியதைக் கண்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் அதை வறுமையின் விளைவாகக் கருதியிருக்கலாம். அதில் நுட்பமான ஞானம் இருந்தது.

துரைமார்கள் என்று சொன்னதும் நினைவுக்கு வரவேண்டியவர் ஹென்றி ஸல்லிவன் தாமஸ். சென்னை ராஜதானியின் சிவில் உத்தியோகஸ்தரான அவர், தென் கன்னட ஜில்லாவில் பணிபுரிந்த காலத்தில் மீன்வளத்தைப் பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதியதோடு நில்லாமல், 1873இல் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவதைப் பற்றி ஒரு விரிவான நூலையும் வெளியிட்டார். பொழுதுபோக்குக்காக எழுதிய நூலாயினும், மகசீர் எதைத் தின்கிறது, எப்போது ஏறுகிறது, எங்கே முட்டையிடுகிறது என்று அவர் ஆராய்ந்திருக்கும் முறை ஒரு இயற்கை சாஸ்திரியின் முறையே. விஷம் கலந்தும் நெருக்கமான கண்ணுள்ள வலைகளை இட்டும் மீன்குஞ்சுகளை அழிப்பதை அவர் வன்மையாகக் கண்டித்தார். ஆற்றில் வெடி வைப்பதையும் விஷமிடுவதையும் குற்றமாக்கும் சட்டம் 1897இல்தான் வந்தது. அந்தச் சட்டம் ஏட்டில் இருக்க, வெடி ஆற்றில் இருந்துகொண்டே வந்தது என்பது வேறு விஷயம்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளில் காவிரியின் பெரிய மகசீரைப் பற்றிய பேச்சே ஏறக்குறைய அடங்கிவிட்டது. கண்ணம்பாடியிலும் மேட்டூரிலும் 1930களிலேயே அணைகள் எழுந்துவிட்டன. வேட்டைக்குப் போன துரைமார்கள் கப்பலேறிவிட்டார்கள். எஞ்சிய மீனை வெடி தீர்த்திருக்கும் என்று பலரும் நம்பினார்கள். 1970களின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து மூன்று இளைஞர்கள் மகசீரைத் தேடி இந்தியாவெங்கும் அலைந்து, கடைசியில் கர்நாடகத்தில் சிவசமுத்திரத்துக்குக் கீழே, காவிரி காட்டுக்குள் புகுந்து பாறைகளின் நடுவே ஓடும் பகுதியில், தொண்ணூறு ராத்தலைத் தாண்டிய மீன்களைப் பிடித்தபோதுதான் உலகம் மறுபடியும் அந்த ஆற்றின்பக்கம் திரும்பியது. 1972இல் பெங்களூரில் தோன்றியிருந்த தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு நீளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பிறகு கலிபோர், பீமேஸ்வரி, தொட்டமக்கலி என்ற இடங்களில் முகாம்கள் அமைந்தன. பிடித்த மீனை எடைபோட்டுக் குறித்துக்கொண்டு உயிரோடு ஆற்றில் விடவேண்டும் என்பது அங்கே கட்டாய விதி. வெடிவைத்து மீன் பிடித்துப் பிழைத்த கிராமத்து ஆட்கள் சிலரையே சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டது அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமான பகுதி. எந்த மடுவில் எந்தப் பருவத்தில் மீன் நிற்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்?

அவர்கள் கையாண்ட முறை, இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்த பளபளக்கும் உலோகத் தகடுகளையும் மரத்தால் செய்த போலி மீன்களையும் ஒதுக்கிவிட்டு, கேழ்வரகை நம்பிய முறையாகும். கேழ்வரகு மாவை வெந்நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, கொதிக்கும் நீரில் போட்டு வேகவைப்பார்கள். வெந்த உருண்டையின் மேற்புறம் தோல்போல இறுகிவிடும். சில்லறை மீன்கள் கொத்திக் கொத்திக் கரைத்துவிடாமல் அந்தத் தோல் காக்கும். எலுமிச்சம்பழ அளவிலிருந்து ஆரஞ்சுப்பழ அளவு வரை வைத்திருக்கும் இந்த உருண்டையைப் பெரிய முள்ளில் பொதிந்து, நீரோட்டத்தின் நடுவே பாறைகளுக்கிடையில் விழும்படி வீசி, ஆற்றுப்படுகையில் கிடக்கவிடுவார்கள். உருண்டையை நீர் இழுத்துக்கொண்டு போகாமலிருக்க நரம்பின்மேல் மெல்லிய ஈயக்கம்பியைச் சுற்றிவிடுவது வழக்கம். அது பாறை இடுக்கில் இலேசாகச் சிக்கி நிற்கும். மீன் இழுத்ததும் கழன்று போய்விடும். கேழ்வரகு கசக்கிறது என்று மீன் ஒதுக்குமானால், ஆற்று நண்டையோ சிறு மீனையோ கோக்கவும் தயங்கமாட்டார்கள்.

அதன்பின் காத்திருத்தல். தூண்டிற் கோலைப் பாறையில் சாய்த்து வைக்காமல் கையிலேயே பிடித்து, நரம்பைச் சுட்டுவிரலின்மேல் ஓடவிட்டு, சிறு மீன்களின் கொத்தலையும் நீரின் துடிப்பையும் வேறு பிரித்து உணரும் விரலோடு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கவேண்டும். பெரிய மகசீர் எடுத்தால் அதில் ஐயத்துக்கே இடமில்லை. இரையை விழுங்கிய மறுகணம் அது நீரோட்டத்தோடு கீழ்நோக்கிப் பாய்கிறது. நூறு கஜம், இருநூறு கஜம் நரம்பு ரீலிலிருந்து அலறிக்கொண்டு ஓடுகிறது. அந்த முதல் ஓட்டத்தை நிறுத்த முயல்பவன் ஒன்று நரம்பை இழப்பான், அல்லது கோலை இழப்பான். மீனின் பலத்தோடு ஆற்றின் பலமும் சேர்ந்திருக்கும் அந்த நேரத்தில் செய்யக்கூடியதெல்லாம் கோலை உயர்த்திப் பிடித்து, நரம்பு பாறை விளிம்பில் உராய்ந்து அறாமல் பார்த்துக்கொண்டு, கரையோடு பின்தொடர்ந்து ஓடுவதுதான். மீன் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு நின்றுவிட்டால் பரிசலில் ஏறவேண்டும். மூங்கிலால் பின்னிய அந்த வட்டக்கலம் எந்தத் திசையிலும் திரும்பக்கூடியதாகையால், வழிகாட்டி ஒற்றைத் துடுப்பால் அதைச் சுழியிலிருந்து சுழிக்கு நகர்த்திச் சென்று, நரம்பு சிக்கியிருக்கும் கோணத்துக்கு எதிர்ப்புறம் போய் விடுவிப்பான். என் அபிப்பிராயத்தில், இந்த விளையாட்டில் மெய்யான திறமை கோல் பிடித்தவனிடம் இருந்ததைவிடப் பரிசல் தள்ளியவனிடமே மிகுதியாக இருந்தது; புகைப்படங்களில் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் மட்டும் வேறொருவராக இருந்துவிட்டார்.

போராடிக் களைத்த மீனை அப்படியே நீரில் தள்ளிவிட்டு வருவது கொலைக்குச் சமானம். நெடுநேர முயற்சியில் அதன் தசைகளில் அமிலம் சேர்ந்து, பிராணவாயுப் பற்றாக்குறை ஏற்பட்டிருக்கும். கோடைகாலத்து வெதுவெதுப்பான நீரில் பிராணவாயுவும் குறைவு. ஆகவே தலை நீரோட்டத்தை நோக்கியிருக்கும்படி அணைத்துப் பிடித்து, செவுள்களின் வழியே நீர் தாராளமாகப் பாயவிட்டு, அது தானாகவே வாலை வீசி விடுபடும்வரை பொறுத்திருக்கவேண்டும்.

இத்தனையும் முடிந்தபின் முகாமில் ஒரு குறிப்பேட்டில் தேதி, எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டது, எத்தனை மீன், ஒவ்வொன்றின் எடை, எந்த வகை என்று எழுதிவைத்தார்கள். விளையாட்டுக்காரரின் பெருமைக்காக எழுதப்பட்ட அந்தக் கணக்கு, எந்த அரசாங்க இலாகாவும் எடுக்காத கணக்கெடுப்பாகப் பின்னாளில் முடிந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மகசீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் செய்தி மகிழ்ச்சியானது: ஒரு மணி நேரத்தில் அகப்படும் மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போயிற்று. காவலும் கட்டுப்பாடும் பலித்துவிட்டன என்று சொல்ல இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் எடையைப் பார்த்தபோது சராசரி இறங்கியிருந்தது; வகையைப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. பெருகியிருந்தவை நீலத்துடுப்பு மகசீர்கள். கூனல் மகசீர் ஆண்டுக்காண்டு அருகிப்போய், கடைசி ஆண்டுகளில் அபூர்வமாகிவிட்டிருந்தது.

நீலத்துடுப்பு மகசீர் காவிரிக்கு உரியதன்று. கிருஷ்ணா நதித் தொகுதியைச் சேர்ந்த அந்த மீனை, மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாட்டா மின்சாரக் கம்பெனியார் 1970கள் முதல் செயற்கை முறையில் பொரிக்கவைத்து, மகசீர் அழிகிறதே என்ற நல்லெண்ணத்தோடு நாட்டின் பல பாகங்களுக்கும் குஞ்சுகளாக வழங்கினார்கள். காவிரியிலும் அவை விடப்பட்டன. வந்த மீன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. மகசீரைக் காப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு மகசீரின் ஆற்றில் இன்னொரு மகசீரை விட்டது, புலியைக் காப்பதற்காகக் காட்டில் சிங்கத்தை விட்டதைவிட எவ்விதத்திலும் புத்திசாலித்தனமான காரியமன்று. மீனாகையால் யாரும் கவனிக்கவில்லை.

கவனியாமற்போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டாக உலகமெங்கும் பேர்பெற்றிருந்த இந்த மீனுக்கு விஞ்ஞானத்தில் உறுதியான அடையாளம் இல்லை. 1839இல் கர்னல் ஸைக்ஸ் தக்காணத்து ஆறுகளிலிருந்து விவரித்த ஒரு மீனின் பெயரை இதற்கும் ஒட்டவைத்து நெடுங்காலம் வழங்கிவந்தார்கள். ஆராய்ந்தபோது அது வேறொரு மீன் என்று தெரிந்தது. பெயரில்லாத பிராணியை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்க்க முடியாது. சட்டப்படி அது இருப்பதாகவே கொள்ள முடியாது. இந்தக் குழப்பம் தீர்ந்தது காவிரியின் பெருவெள்ளத்தில் அல்ல, அதன் தலைமாட்டிலுள்ள சிற்றாறுகளில். கேரளத்தில் சின்னார் காட்டின் வழியே ஓடி அமராவதியோடு சேரும் பாம்பாற்றிலிருந்து கிடைத்த இளமீன்களை வைத்து, முன்னமே குருப், ராதாகிருஷ்ணன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் டோர் ரெமாதேவியை என்ற புதிய இனத்தை விவரித்திருந்தார்கள். சென்னையில் மீனின ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த ரெமாதேவியைக் கௌரவித்து வைத்த பெயர் அது. சிறு மீன்களாகையால் முதிர்ந்த மீனின் கூன் அவற்றில் புலப்படவில்லை. காவிரியின் ராட்சத மீனோடு அவற்றை ஒருவரும் தொடர்புபடுத்தவும் இல்லை. தமிழ்நாட்டில் மோயாற்றிலிருந்து பெற்ற கூனல் மகசீர்களின் உருவ அமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று 2018இல் பிண்டரும் ராகவனும் அவர்களுடைய கூட்டாளிகளும் நிறுவினார்கள். பெயர் நிலைபெற்ற அதே ஆண்டில், சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் மிகக் கடுமையான ஆபத்துக்குள்ளான இனம் என்று அது சேர்க்கப்பட்டது.

இதற்கிடையில் காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டிலிடுவது நின்றுபோயிருந்தது. பிடித்து விட்டாலும் பிடிப்பது வேட்டையே என்று வனவிலங்குச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டதன் விளைவு அது. விளையாட்டுக்காக ஒரு பிராணியைத் துன்புறுத்தலாமா என்று கேட்பவரின் கேள்வியை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ராமநாதபுரத்தில், அதாவது ஹாசன் ஜில்லாவில் காவிரிக்கரையிலுள்ள அந்தத் தலத்தில், கோயில் துறையில் கூடும் மகசீர்களுக்கு பக்தர்கள் பொரி தூவி, பிடிக்காமலே பாதுகாத்து வந்திருக்கிறார்கள். எனினும், முகாம்கள் மூடியதோடு காவற்காரரின் சம்பளமும் ஆற்றங்கரையில் நாள்தோறும் நடமாடிய கண்களும் குறிப்பேடும் சேர்ந்தே போயின என்பதையும் மறைக்கக்கூடாது. 2012க்குப் பிறகு அங்கே எத்தனை கூனல் மகசீர் எஞ்சியிருந்தன என்பதற்கு முன்போல ஆண்டுவாரியான கணக்கு கிடையாது.

இந்த மீன் மழைக்காலத்து வெள்ளத்தோடு மேலேறி, தெளிந்த நீர் ஓடும் கூழாங்கற் படுகையில் முட்டையிடும் இயல்புடையது. மற்றக் கெண்டைகள் இலட்சக்கணக்கில் இடும் முட்டைகளோடு ஒப்பிட்டால் இதன் முட்டைகள் சொற்பம். அணை வழியை மறித்தாலும், மணலும் சரளையும் அள்ளப்பட்டாலும், அந்தச் சொற்பமும் வீணாகிறது. மோயாற்றில் மீன் எஞ்சியதற்குக் காரணம் தேடினால், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில், புலிக்கும் யானைக்கும் பயந்து மனிதர் எளிதில் இறங்காத இடத்தில் அந்த ஆறு ஓடுவதைத்தான் முதலில் சொல்லவேண்டியிருக்கிறது. ஆனால் அதன் நீரும் முற்றிலும் மழையின் வசத்தில் இல்லை. நீலகிரியில் பைக்காராத் திட்டத்து மின்நிலையங்கள் எப்போது எவ்வளவு நீரைத் திறக்கின்றனவோ அதற்கேற்ப மட்டம் ஏறி இறங்குகிறது, கீழே பவானிசாகர் அணை அதைத் தேக்கி நிறுத்துகிறது. மேலே மின்நிலையத்துக்கும் கீழே நீர்த்தேக்கத்துக்கும் நடுவில் எஞ்சியிருக்கும் ஓட்டத்தில், முட்டையிடும் வாரங்களில் படுகை நனைந்திருக்குமா உலர்ந்திருக்குமா என்பதை இப்போது முடிவு செய்வது மதகுச் சக்கரத்தைத் திருப்புகிற கை.